பாதம் நேரானால் காலிப்பர் பொருந்தும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் விடிந்தால் தாய்க்குக் காட்டு வேலை, இல்லையென்றால் தீப்பெட்டி வேலை. பிள்ளை அங்கன்வாடியில். அந்த அங்கன்வாடிக்கே ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வருகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் அது. குழு தேடும் பிறவிக் குறைகளில் முதுகுத்தண்டுப் பிளவும் ஒன்று.

இந்தப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு முதுகில் செய்யும் அறுவை சிகிச்சை தண்டுவடத்தைக் காக்கும். ஆனால், பாதித்த நரம்பை மீட்டுத் தராது. தசைகளின் இழுப்பு சமமாக இல்லாததால் பாதம் கோணும், இடுப்பு மூட்டு விலகும். எலும்பு மருத்துவர் இறங்குவது இங்கேதான். இறுகிய தசைநாரைத் தளர்த்துவார், பாதத்தைத் தரையில் படியவைப்பார். எதற்கு? காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் பொருந்துவதற்கு. கோணிய நிலையில் கதவு பொருந்துமா? பாதம் நேரானால் காலிப்பர் பொருந்தும். காலிப்பர் பொருந்தினால் பல பிள்ளைகள் நிற்பார்கள், நடப்பார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். அந்தக் கால்களில் உணர்ச்சி குறைவு. உரசிப் புண்ணானாலும் பிள்ளைக்கு வலி தெரியாது. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள்.

குழந்தையின் முதுகு நடுக்கோட்டில் கட்டியோ, முடிக்கற்றையோ தெரிந்தால் அங்கன்வாடி அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் சிகிச்சை இலவசம். மருத்துவக் குழு மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்த வாரமே போய்விடுங்கள்.