படத்தில் தெரியாத கடி



2020 மார்ச் 25-ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஊரடங்கு நடைமுறைக்கு வந்த நாள். தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டதும் அதே நாளில்தான். பிள்ளைகளின் பல்லில், பல் சீரமைப்பு மருத்துவர்களான நாம் மாட்டிய கம்பி இருந்தது. நம்மிடம் வர வழி இல்லை. மாவட்டம் தாண்டுவதற்கே இ-பாஸ் வேண்டியிருந்தது.

ஓர் இரவு ஒரு தாய் அழைத்தார். "டாக்டர், கம்பி கன்னத்துல குத்துது, புள்ள சோறே திங்கல." வீடியோவில் பார்த்தேன். கடைவாயில் கம்பி நுனி நீண்டிருந்தது. பல்லை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, நாம் கொடுத்தனுப்பிய மெழுகை உருட்டி அதன்மேல் அழுத்தச் சொன்னேன். பிள்ளை அன்றிரவே சாப்பிட்டது. வழக்கமான நாளாக இருந்தால் அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், இரண்டு பேருந்து மாறி வந்திருப்பார். ஒன்றரை, இரண்டு ஆண்டு நீளும் சிகிச்சையில் இப்படி எத்தனை பயணம்! ரப்பரைச் சரியாக மாட்டுகிறார்களா, ஈறு வீங்கியிருக்கிறதா, அலைனர் பல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் நல்ல படமே காட்டிவிடும்.

அதே ஊரடங்கு மாதங்களில் நான் செய்த பிழை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சிறுவனின் படங்களைப் பார்த்து, ஆழ்கடி நன்றாகத் திறந்துவருகிறது என்று மகிழ்ந்தேன். நேரில் வந்தபோது கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் பதிந்துகொண்டிருந்தன. அவன் அண்ணன் கைபேசியைத் தாழ்வாகப் பிடித்து எடுத்திருக்கிறான். கீழிருந்து எடுத்த படத்தில் ஆழ்கடி குறைந்தே தெரியும். படிக்கும்போதே கற்ற பாடம். கைபேசித் திரையில் எனக்கு அது தோன்றவில்லை.

எவ்வளவு நன்றாக எடுத்தாலும் படத்தில் பிடிபடாதவையும் உண்டு. ஒன்பது, பத்து வயதில் கோரைப்பல் இறங்கிவருகிறதா என்பதை ஈற்றின்மேல் விரல் வைத்துத்தான் அறிகிறோம். பல் ஆடும் அளவும், வாயை மூடும்போது தாடை ஒருபக்கம் நழுவுவதும் கைக்குத்தான் பிடிபடும். வேர் கரைகிறதா என்பதற்கு எக்ஸ்ரே வேண்டும். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் பல் அச்சு எடுக்கும் பெட்டியை வீட்டுக்கு அனுப்பி, அலைனரைத் தபாலில் கொடுத்துவந்தது. 2023 டிசம்பரில் அது மூடப்பட்டபோது, சிகிச்சையின் பாதியில் நின்றவர்களுக்கு வாயைத் திறந்து காட்ட ஒரு மருத்துவர் இல்லை. அந்த நிலை நம் ஊருக்கு வரக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. முதல் பரிசோதனையும் சிகிச்சைத் திட்டமும் நாற்காலியில்தான் நடக்க வேண்டும்.

இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். எந்தப் புகாரைத் தொலைபேசியில் முடிக்கலாம், எதற்கு மறுநாளே வரச் சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்குப் புரியும் தமிழில் அது இருக்கட்டும். கேமராவைப் பல்லின் மட்டத்தில் பிடிப்பது எப்படி, இரண்டு கரண்டிக் காம்புகளால் கன்னத்தை விலக்குவது எப்படி என்பதும் அதில் வரட்டும். கம்பி மாட்டும் அன்றே அதைக் கையில் கொடுத்து, ஒரு முறை படம் எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.