துறையும் பாலமும்



அண்மையில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலுள்ள நண்பர் இல்லத்திற்குச் சாலைவழி சென்றேன். வெருகல், உப்பாறு, கிண்ணியா எனத் துறைதோறும் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்தது அக்காலம். 2009 இல் திறக்கப்பெற்ற 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை இன்று நொடிப்பொழுதில் கடந்துவிடலாம்.

பாலத்திற்கு இப்பால் தேநீருக்காக இறங்கினேன். “மச்சான்!” என்றொரு குரல். 1990 ஆம் ஆண்டுப் போரில் பிரிந்த பள்ளித்தோழர்! தேநீருக்குக் காசு கொடுக்கவும் விட்டாரில்லை. பேச்சிலே பொழுது சாய்ந்தது.

உணவுடன் காத்திருந்த ஓர்ஸ் ஹில் நண்பர் என் தாமதத்தைக் கடியவில்லை. காரணம் கேட்டுக் கண்கலங்கினார். அவரும் எம் வகுப்பினரே. பாலம் வந்தபின் அவர் கிண்ணியாவில் இறங்கியதேயில்லையாம். மறுநாட் காலை மூவரும் அக்கடையிற் கூடினோம்.

அன்று துறைகள் நம்மை நிறுத்தின. இன்று நாமே நிற்றல் வேண்டும்.