கணக்கு நம்ம கையில் இருக்கணும்!

(பாஞ்சாலங்குறிச்சியில் சிறுதொழில் செய்வோர் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்ணில் 'காட்டிக்கொடுத்தவன்' என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. நம்ம சேதி எதிராளி கைக்குப் போனா என்ன ஆகும்னு 1799இல் கயத்தாறில் பார்த்தவங்க நாம. ஆனா அடுத்த இரண்டே வருசத்தில் இதே மண் இன்னொரு பாடமும் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, இடிச்ச கோட்டையைத் திரும்பக் கட்டினார். 1801இல் மருது சகோதரர்களோடு கைகோர்த்தார். தனித்தனிப் பாளையமா நின்னா கம்பெனிக்காரன் ஒவ்வொண்ணா விழுங்கிருவான்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்தது.

இன்னைக்கு அதையேதான் தொழிலுக்குச் சொல்ல வந்திருக்கேன். சேதியை அடுத்தவன்கிட்ட இழந்தா நஷ்டம். நமக்குள்ள பகிர்ந்தா பலம்.

மழை பொய்த்த கரிசலுக்குக் கஞ்சி ஊத்தினது தீப்பெட்டி. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசின்னு எத்தனை குடும்பம், எத்தனை பெண்கள் இதை நம்பி இருக்காங்க! அந்தத் தொழிலை பிளாஸ்டிக் லைட்டர் அடிச்சது. பத்து ரூபாய் லைட்டர் ஒண்ணு 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிச்சிருதுன்னு 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. முழு லைட்டருக்குத்தானே தடை? உதிரிபாகத்துக்கு வழி திறந்தே இருந்தது. அதுக்குக் கட்டுப்பாடு வர 2024 அக்டோபர் ஆச்சு.

ஒரு தடைக்கும் அடுத்த கட்டுப்பாட்டுக்கும் நடுவில் ஒரு வருசத்துக்கு மேல போயிருச்சே, அந்த நாளில் நம்ம ஒவ்வொரு யூனிட்டிலும் எத்தனை பண்டல் தேங்குச்சு? எத்தனை நாள் வேலை போச்சு? உங்க நோட்டில் உங்க கணக்கு இருக்கும். பக்கத்து யூனிட் நோட்டில் அவங்க கணக்கு இருக்கும். எல்லாத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு மாசாமாசம் நம்ம கையில் இருந்தா, டெல்லியில் 'பாதிப்பு எவ்வளவு?'ன்னு கேட்ட அன்னைக்கே பதில் சொல்லலாம். 'ரொம்பப் பாதிப்புங்க'ன்னு சொன்னா மனு. எண்ணிக்கையோட சொன்னா ஆதாரம்.

இது தீப்பெட்டியோட நிக்கலை. இன்னைக்கு நூற்பு மில்லுக்கு வர்ற புது மெஷின் நூல் மட்டும் நூற்கலை. எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, எவ்வளவு கரண்டு இழுத்துச்சுன்னு எல்லாத்தையும் பதிவு பண்ணுது. இப்படிப்பட்ட மெஷின் பலதில் அந்தப் பதிவு இணையம் வழியா விற்றவனுக்கே போகுது. கடன் வாங்கி மெஷின் வாங்கினது நீங்க. அதோட கணக்கு அவன்கிட்ட. பழுதானா உள்ளூர் மெக்கானிக் கையைப் பிசையணும், கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் நீங்க காத்துக் கிடக்கணும். இது என்ன நியாயம்?

ஐரோப்பிய ஒன்றியம் இதுக்குச் சட்டமே போட்டிருக்கு. 2025 செப்டம்பர் 12 முதல் அங்கே தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருச்சு. மெஷினைப் பயன்படுத்துறவர் அது உண்டாக்குற தரவைக் கேட்டு வாங்கலாம். தான் சொல்ற மெக்கானிக்குக்கோ வேற நிறுவனத்துக்கோ கொடுக்கச் சொல்லலாம். பெரிய கம்பெனி ஒருதலைப்பட்சமா திணிக்கிற அநியாய நிபந்தனை செல்லாது.

நம்ம நாட்டில்? 2023இல் வந்த சட்டம் தனிமனிதர் தரவுக்குப் பாதுகாப்பு. தொழில் தரவுக்கு இல்லை. தனிநபர் சாராத தரவு பற்றி ஆராய கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தலைமையில் 2019இல் குழு போட்டாங்க. 2020இல் வரைவு அறிக்கையும் வந்தது. சட்டம்தான் வரலை.

சரி, 'என் தொழில் ரகசியத்தைப் போட்டியாளன்கிட்ட சொல்லவா?'ன்னு கேப்பீங்க. கேக்கணும். உங்க மருந்துக் கலவை உங்களோடதுதான், யாருக்கும் சொல்ல வேண்டாம். விற்பனை விலையைக் கூடிப் பேசி முடிவு பண்றது 2002ஆம் வருசப் போட்டிச் சட்டப்படி தப்பு. அந்தப் பக்கமே போகாதீங்க.

பகிர வேண்டியது வேற. எந்த லாட் குளோரேட்டில் கோளாறு, எந்தக் கட்டத்தில் தீப்பொறி பறந்துச்சு, யார் சரக்கு வாங்கிட்டு 45 நாள் தாண்டியும் பணம் தராம இழுக்கிறார். ஒரு யூனிட்டில் நடந்த சின்ன விபத்து அன்னைக்கே பக்கத்து யூனிட்டுக்குத் தெரிஞ்சா, அங்கே ஒரு தாயோட உயிர் தப்பும். இதைவிடப் பெரிய லாபம் என்ன இருக்கு?

நாம் கேக்கறது மூணு. மெஷின் வாங்குறவருக்கே அதோட தரவு சொந்தம்னு சட்டம் வேணும். சிறுதொழில் சங்கங்கள் நடத்துற பொதுத் தரவு மையத்துக்கு அரசு உதவணும், சாவி சங்கத்துக்கிட்ட இருக்கணும். அந்தக் கணக்கில் வேலை செய்ற பெண்களின் கூலியும் பாதுகாப்பும் கட்டாயம் இடம் பெறணும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அது எந்த ஒரு கடைக்கும் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம். அவங்கவங்க கடை, அவங்கவங்க ருசி அப்படியேதான் இருக்கு. பேரு மட்டும் பொது. மிட்டாயில் முடிஞ்சது தீப்பெட்டியில் முடியாதா?

முடியும். முதல் வேலையா, நாளைக்குக் காலையில் உங்க நோட்டைத் திறந்து இந்த மாசக் கணக்கை எழுதுங்க. அதை எடுத்துக்கிட்டு உங்க சங்கத்துக்குப் போங்க.