கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி: நமக்கு முதலாளி யார்?

(வத்தேகமவில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று அதற்கும் அடியில் கிடக்கும் ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். சம்பளத்தை யாரிடம் கேட்பது என்பதே அந்த விஷயம்.

கொஞ்ச காலமாக நமது காரியாலயத்துக்கு வரும் பிள்ளைகளின் கையில் ஒரே மாதிரியான தாள் இருக்கிறது. பல்லேகல, குண்டசாலைப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள், கொழும்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் போகும் பிள்ளைகள், எல்லோரிடமும் அதே தாள்தான். மேன்பவர் ஏஜென்சி கொடுத்தது. சிலது சிங்களத்தில், சிலது இங்கிலீசில். தமிழில் ஒன்றையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. நடுவில் ஒரு வரி இருக்கும்: கையெழுத்துப் போடுபவர் ஊழியர் அல்ல, சுயாதீன ஒப்பந்தக்காரர். நமது பேச்சில் சொன்னால், கொந்தரப்புக்காரர்.

நமது வீட்டுப் பிள்ளை கொந்தரப்புக்காரரா? கொந்தரப்புக்காரர் என்றால் சொந்தச் சாமான் இருக்க வேண்டும், தன் வேலைக்குத் தானே விலை பேச வேண்டும், முடியாத நாளில் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பவும் உரிமை இருக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு ஏஜென்சி வானில் ஏறி, கம்பனி கொடுத்த உடுப்பைப் போட்டு, கம்பனி மெசினில் நின்று, கம்பனி சுப்பவைசர் சொல்லும்போது சாப்பிடப் போகும் பிள்ளைக்கு இதில் எது இருக்கிறது?

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நமது தாத்தா பாட்டிமாரைத் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கூட்டிவந்த கங்காணி முறையை நினைத்துப் பாருங்கள். ஆளைச் சேர்ப்பவர் கங்காணி. வேலை வாங்குபவர் துரை. வழிச்செலவும் முற்பணமும் ஆளின் தலையில் கடன். அந்தக் கடனை எழுதிய காகிதத்துக்குப் பெயர் துண்டு. துண்டில் உள்ள கடனைத் தீர்க்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்களோ அத்தனை தலைக்கும் பெரிய கங்காணிக்குப் பென்ஸ் காசு. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார். நடுவில் ஆள் நிற்காமல் தொழிலாளியும் தோட்டமும் நேருக்கு நேர் பேசும் நிலையை உண்டாக்கவே நமக்கு இத்தனை காலம் பிடித்தது. இப்போது ஏஜென்சி ஒவ்வொரு தலைக்கும் கம்பனியிடம் தரகு வாங்குகிறது. வான் கூலி, தங்குமிடம், உடுப்பு என்று பிள்ளையின் கணக்கிலும் பிடிக்கிறது. கங்காணிக்குத் தலைப்பாகை இருந்தது, இவருக்குக் காரியாலயம் இருக்கிறது.

அந்த ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட்டால் என்ன போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, நமது சம்பளத்தில் 8 வீதம், 2,400 ரூபா பிடிபடும். தொழில்தருநர் தன் கையிலிருந்து 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டப்படி இன்னும் 3 வீதம், 900 ரூபா. ஆக மாதம் 4,500 ரூபா முதலாளியின் பணம் நமது பெயரில் சேருகிறது. வருடத்துக்கு 54,000. ஐந்து வருடத்துக்கு 2,70,000. ஐந்து வருடம் முடிந்தால், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அது 75,000. மொத்தம் 3,45,000 ரூபா. இதில் வட்டியைச் சேர்க்கவில்லை.

ஏஜென்சிக்காரர் பிள்ளையிடம் என்ன சொல்கிறார்? “ஈ.பி.எப். வெட்ட மாட்டோம் தங்கச்சி, முழுச் சம்பளமும் கையில்” என்கிறார். கையில் கூடுவது 2,400. அதுவும் அவளுடைய பணம்தான். கையை விட்டுப் போகும் 4,500ஐப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

பணம் மட்டும் போவதில்லை. பிள்ளை பெறும் தாய்க்குரிய சம்பளத்துடன் கூடிய 84 நாள் லீவு கொந்தரப்புக்காரருக்கு இல்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்க முடியாது. 2020இல் கொரோனா வந்தபோது சுதந்திர வர்த்தக வலயங்களில் என்ன நடந்தது? சம்பளம் இல்லாமல் முதலில் தெருவில் நின்றவர்கள் மேன்பவர் பிள்ளைகள். எங்கள் ஆட்கள் இல்லை என்று கம்பனி சொன்னது. கம்பனியிடம் கேள் என்று ஏஜென்சி சொன்னது.

சரி, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது மட்டும் விஷயத்தைத் தீர்மானிப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ‘தொழிலாளி’ என்பதை விரிவாகவே சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்திலோ வாய்ப்பேச்சிலோ இருக்கலாம். ஒரு வேலையைத் தானே நேரில் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தவரும் அதற்குள் வருகிறார். ‘தொழில்தருநர்’ என்பதிலும், நேரடியாக வேலைக்கு வைப்பவர் மட்டுமல்ல, யாருக்காக இன்னொருவர் ஆளை வேலைக்கு வைக்கிறாரோ அவரும் அடங்குகிறார். சர்வதேச தொழில் தாபனமும் 2006இல் 198ஆம் இலக்கச் சிபாரிசில் இதையே சொன்னது: பெயரைப் பார்க்காதே, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்.

யார் நேரம் குறிக்கிறார்? யாருடைய மெசின், யாருடைய கத்தி, யாருடைய கூடை? யார் திட்டுகிறார், யார் லீவு கொடுக்கிறார்? விலையை யார் சொல்கிறார்? இந்தக் கேள்விகளுக்கு ஒரே பெயர் பதிலாக வந்தால், அவர்தான் முதலாளி.

நாங்கள் கையிலெடுத்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். பன்விலப் பக்கத் தோட்டமொன்றின் தங்கை ஒருத்தி ஏஜென்சி மூலம் தொழிற்சாலையில் 14 மாதம் வேலை செய்தாள். மெசினில் விரல் அகப்பட்டது. தொழிற்சாலை ஏஜென்சியைக் காட்டியது. ஏஜென்சி “நீ கொந்தரப்புக்காரி” என்று தாளைக் காட்டியது. ஆனால் அவள் கெட்டிக்காரி. கேட் பாசைத் தூக்கி எறியவில்லை. சிப்ட் அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். சுப்பவைசர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்கவில்லை. அவற்றோடு தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தோம். விசாரணைக்கு இரண்டு தரப்பும் வர வேண்டியதாயிற்று. 14 மாத ஈ.பி.எப். பணத்தைத் தவணையில் கட்ட ஏஜென்சி ஒத்துக்கொண்டது. விரலுக்கான நட்டஈடு இன்னும் கிடைக்கவில்லை, அது நடந்துகொண்டிருக்கிறது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி விபத்துப் பொறுப்பிலிருந்து கம்பனி நழுவ முடியாது. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“இது டவுனுக்குப் போகும் பிள்ளைகளின் கதை, நமக்கென்ன” என்று மலையில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். கைக்காசுக் கொழுந்து நமக்குத் தெரியும். கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு, செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்கு ஈ.பி.எப். இல்லை, சேவைக்காலப் பணமும் இல்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. அதற்குப் பிறகு கைக்காசும், தேயிலை மரங்களைப் பிரித்துக் குடும்பத்துக்குக் கொடுக்கும் வருமானப் பகிர்வு முறையும் இன்னும் வேகமாகப் பேசப்படுகின்றன. மலையைப் பொறுப்பெடுத்துச் செய்ய நமக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காணி நமது பெயரில் இருந்து, கொழுந்தை விரும்பிய பெக்டரிக்குக் கொடுக்க முடிந்தால் அது சொந்தத் தொழில். காணி கம்பனியுடையது, உரத்துக்கும் மருந்துக்கும் பிடிப்பது கம்பனி, கொழுந்து விலை சொல்வதும் கம்பனி, மழை பிழைத்தால் நட்டம் மட்டும் நமக்கு என்றால், அது சொந்தத் தொழிலா? மேலே சொன்ன அதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள்.

சங்கத்துக்கும் இதில் ஆபத்து உண்டு. 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, ஓர் இடத்துத் தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் ஒரு சங்கத்தில் இருந்தால், முதலாளி அந்தச் சங்கத்தோடு பேச மறுக்க முடியாது. பாதிப்பேரை மேன்பவர் ஆக்கி, மிச்சப்பேரைக் கைக்காசு ஆக்கிவிட்டால் அந்த 40ஐ எங்கே எண்ணுவது?

போராடியவர்களும் இருக்கிறார்கள். 2016 டிசம்பர் கடைசியில் ஸ்ரீலங்கா டெலிகொம்மில் மனிதவள நிறுவனம் மூலம் வேலை செய்தவர்கள், எங்களை டெலிகொம்மே நிரந்தரமாக்க வேண்டும் என்று கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று வைத்தது. அதே மாதிரித் தெளிவான ஒரு சட்டம் இங்கும் வேண்டும் என்பது நமது கோரிக்கை.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவை உண்டு.

விளங்காத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் தவணை கேளுங்கள். போனில் படம் எடுத்துத் தோட்டத் தலைவரிடமோ காரியாலயத்திலோ காட்டுங்கள். ஒரு நாள்கூடப் பொறுக்காத வேலை நல்ல வேலையாக இருக்காது.

அடையாள அட்டையின் அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பிரதி போதும்.

முதல் நாளே ஈ.பி.எப். இலக்கம் கேளுங்கள். பிடித்த பணம் கணக்கில் விழுகிறதா என்று தொழில் திணைக்களத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதும் குற்றம்.

ஒரு கொப்பி வாங்கி, போன நாள், வந்த நேரம், ஓவர்டைம், கிடைத்த காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். கேட் பாஸ், சம்பளத் துண்டு, பேங்க் சிட்டை எதையும் வீசாதீர்கள்.

வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். “திரும்பக் கூப்பிடுவோம்” என்ற பேச்சை நம்பி ஏழாவது மாதம் எங்களிடம் வருபவர்கள் அதிகம். அப்போது எங்கள் கையும் கட்டப்பட்டுவிடுகிறது.

தாய்மார்களே, பிள்ளைகள் வெளியே வேலைக்குப் போவதைத் தடுக்க நாங்கள் சொல்லவில்லை. லயத்தை விட்டு வெளியே போய் நான்கு காசு பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. போகும் இடத்தில் அவர்கள் தொழிலாளி என்ற பெயரோடு போக வேண்டும் என்பதே நமது கேள்வி. வெளியே வேலை செய்யும் பிள்ளைகளையும் அங்கத்தவராகச் சேர்க்க நமது சங்கம் தீர்மானித்திருக்கிறது. ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தன் தோட்டத்தில் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும், அவர்கள் கையெழுத்திட்ட தாளின் பிரதியையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்தக் கம்பனிக்கு எந்த ஏஜென்சி ஆள் அனுப்புகிறது என்பது விளங்கும். அதை வைத்து ஒன்றாக முறைப்பாடு கொடுப்போம். தனியாகப் போகும் பிள்ளைக்கு “நாளைக்கு வா” என்பார்கள். நாற்பது பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள்.