மனக்கோயிலும் மருந்தும்



திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பப் பொருள் தேடியும் கிடைக்கப் பெறவில்லை. ஆதலின் மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை நெடுநாள் முயன்று கட்டி முடித்தார். காஞ்சியில் கற்றளி அமைத்த பல்லவ மன்னன் குடமுழுக்கிற்குக் குறித்த நாளில், இறைவன் அம்மனக்கோயிலிலேயே எழுந்தருளினான். அவ்வூர் இருதயாலீசுவரர் சந்நிதியை இன்றும் இதய நோயுற்றோர் நாடி வருகின்றனர்.

பிள்ளைகளின் இதயத்தைத் தாக்கும் நோய்களுள் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 15 வயதிற்குள் வருவது. தொண்டைப் புண்ணாகத் தொடங்கும். சில வாரங்களில் மூட்டுகள் வீங்கும். இதய வால்வுகளும் பழுதுறும். மூட்டு வலி தணிந்துவிடும். வால்வில் விழுந்த வடுவோ தங்கிவிடும். காய்ச்சல் திரும்புந்தோறும் வடு பெருகும். அதனைத் தடுக்கவே மருத்துவர்கள் 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் இடுகின்றனர்.

ஊசியைக் கண்டு குழந்தை அழும். “ஓடி விளையாடும் பிள்ளைக்கு ஊசி எதற்கு?” என்று உற்றார் வினவுவர். “நான் செய்த பாவமோ?” என்று தாயின் உள்ளம் கலங்கும். தொண்டையில் தொற்றிய கிருமியால் வந்த நோய்க்குத் தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. நேர்த்திக்கடன் செலுத்திவிட்டோம் என்று ஊசியை நிறுத்துவதும் தகாது.

பூசலார் ஒரு கல்லையும் விடாது அடுக்கினார். அவ்வாறே, மருத்துவர் போதும் என்று கூறும் வரை ஒரு தவணையும் தவறாது பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய், நோன்பே நோற்கிறாள். தளராத அவள் நெஞ்சிலும் இறைவன் எழுந்தருள்வான்.

திருச்சிற்றம்பலம்.