பழைய வால்வு வாங்குவோர் கவனத்துக்கு



மலேசியாவின் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் அம்மலைச் சரிவுகளில் தோன்றிய ஏனைய தோட்டங்களிலும் கொழுந்து பறித்து வாழ்ந்த நம் மக்களுக்குத் தமிழ்ப் பேச்சையும் சங்கீதத்தையும் கொண்டுவந்து சேர்த்தவை வால்வு வானொலிப் பெட்டிகளே ஆகும். மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் பிறந்தது. 1948இல் அவசரகாலம் மூண்டபின், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடியிருந்து கேட்பதற்கென்றே பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தாத்தா வைத்திருந்த பெட்டியைத் திரும்பவும் பாட வைக்க வேண்டுமென்று ஆசைப்படும் பேரனும், வால்வு ஆம்பிளிபையரில் இசை கேட்பதே சுகம் என்று கருதும் பட்டணத்து ரசிகரும் இன்று ஒரே கடைத்தெருவில் பழைய வால்வைத் தேடுகிறார்கள். இவ்விருவருக்கும் காத்திருக்கும் அபாயங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பழைய வால்வுக்கு நாம் தரும் விலை, அதில் எஞ்சியிருக்கும் ஆயுளுக்குத் தரும் விலை. அந்த ஆயுளோ கண்ணுக்குத் தெரிவதில்லை. வால்வின் கண்ணாடிக் குமிழின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பூச்சைக் காட்டி, "பாருங்கள், புதுசு போலவே இருக்கிறது" என்பார் வியாபாரி. அது பேரியம் என்னும் உலோகத்தின் படிவு. காற்று உட்புகுந்தால் வெளுத்துவிடும். ஆகவே அது மின்னுவதைக் கொண்டு உள்ளே வெற்றிடம் கெடவில்லை என்று மாத்திரமே அறியலாம். எலெக்ட்ரான்களைப் பிறப்பிக்கும் கேதோடு என்னும் பாகம் பல்லாண்டு உழைத்துத் தேய்ந்து போயிருந்தாலும் பூச்சு அப்படியேதான் மின்னும்.

இதனினும் பெரிய ஏமாற்றம் பெயரில் இருக்கிறது. இங்கிலாந்தின் மல்லார்டு, ஜெர்மனியின் டெலிபுங்கன் ஆகிய பெயர்களுக்கு ரசிகரிடையே உள்ள மதிப்பினால், இ.சி.சி. 83 என்னும் சிறு வால்வு ஒன்றுக்கே பல நூறு வெள்ளி கேட்கிறார்கள். கண்ணாடியின் மேல் அச்சிட்ட எழுத்தோ விரல் பட்டாலே அழியக்கூடியது; அழித்துவிட்டு வேறு பெயரை அச்சிடுவதும் அவ்வளவே எளிது. பிலிப்ஸின் ஒத்துழைப்போடு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள் ஐரோப்பியப் பெயர் தாங்கிக் கைமாறுவதுண்டு. அவை தரத்தில் தாழ்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். நம்மவர் கைத்திறனுக்குப் பிறர் பெயரைச் சூட்டி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றியும், மல்லார்டு என்ற பெயரின் உரிமை இன்று ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. ரஷ்யாவின் சராத்தவ் நகரில் செய்யப்படும் புது வால்வுகள் அப்பெயரோடு சட்டப்படியே விற்பனைக்கு வருகின்றன. இதை அறியாதவர் புதியதைப் பழையதென்று எண்ணி வாங்கிவிடலாம்.

தேயிலையின் தரம் காண்பவர் பெட்டியின்மேல் எழுதிய பெயரைப் படித்து மதிப்பிடுவதில்லை. கொதிநீர் ஊற்றி, வடித்து, வாயிலிட்டுப் பார்த்த பின்னரே வாய் திறப்பார். வால்வுக்கும் அத்தகைய பரீட்சை வேண்டும். வால்வைச் சோதிக்கும் கருவியில் பொருத்தி அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இரட்டையாகப் பயன்படும் வால்வுகளாயின், இரண்டின் அளவுகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மின்சாரம் எட்டாத தோட்டத் தொழிலாளர் லயங்களில் பாட்டரியால் இயங்கிய பெட்டிகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவற்றில் உள்ள டி.கே. 91, டி.எப். 91 போன்ற வால்வுகளின் இழை மயிரினும் மெல்லியது, 1.4 வோல்ட்டுக்கென அமைந்தது. 6.3 வோல்ட்டு வால்வென்று நினைத்துப் பரீட்சை செய்தால் அக்கணமே அறுந்துபோகும். அறுந்ததைச் செப்பனிட வழியே இல்லை.

நல்ல வால்வே கிடைத்தாலும், அதை உடனே பழைய பெட்டியில் செருகிவிடுவது விவேகமன்று. மலையின் ஓயாத ஈரத்தில் ஐம்பது அறுபது ஆண்டுகள் கிடந்த காகிதக் கண்டென்ஸர்கள் மின்சாரத்தைக் கசியவிடும். அக்கசிவு ஒலிபெருக்கும் வால்வின் கிரிட் என்னும் கம்பிவலையை அடைந்தால், அளவு மீறிய மின்னோட்டத்தினால் உள்ளேயுள்ள தகடு பழுக்கக் காய்ந்து, அருமையாகத் தேடிய வால்வு சிறிது நேரத்திலேயே கெட்டுப்போகும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கண்டென்ஸர். அதன் விலை மிகச் சொற்பம். ஆனால் அந்த வேலையை அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக்கிடமே விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அப்பெட்டிக்குள் இருநூறு முந்நூறு வோல்ட்டு தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, லயத்து வீடுகளில் இன்னும் பழைய பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வால்வை மாத்திரம் கழற்றிக் கொடுங்கள் என்று யாரேனும் பணத்தோடு வந்து கேட்டால், தயவுசெய்து இசையாதீர்கள். அப்பெட்டிக்கென அமைந்த அவ்வால்வுகள் போய்விட்டால், அதே வகையைத் திரும்பத் தேடிச் சேர்ப்பது பேரப்பிள்ளைகளுக்குப் பெரும்பாடாகிவிடும்.