காற்று, இடம், கவனிப்பு
(கொடைக்கானலில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இந்த மலைக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு ஜெர்மானியர் 'லுஃப்ட்கூர்ஓர்ட்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று சொற்களை ஒட்டிய சொல். லுஃப்ட் என்றால் காற்று, ஓர்ட், இடம், நடுவில் உள்ள கூர், சிகிச்சை. கூர் என்றதும் நமக்கு ஈட்டி ஞாபகம் வரும். வேடிக்கை என்னவென்றால், பழைய ஜெர்மன் மொழியில் ஈட்டியின் முனையைக் குறித்தது பக்கத்துச் சொல்லான ஓர்ட்! கூர் வந்தது லத்தீன் 'கூரா'விலிருந்து. அதற்கு அக்கறை, பராமரிப்பு என்று பொருள். சில சபைகளில் உதவி குருவானவரைக் 'கியூரேட்' என்பதும் இதே வேரில்தான்.

1845-ல் மதுரை அமெரிக்கன் மிஷனரிமார் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது நல்ல காற்றை நம்பித்தான். சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

க்ஷயரோகத்திற்கும் காற்றே மருந்து என்றிருந்த காலம் உண்டு. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். அந்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அதுவே பெயர். ஆனால் அன்றாடங்காய்ச்சி எத்தனை மாதம் அங்கே படுத்திருக்க முடியும்?

1956-ல் சென்னையில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஒரு பரிசோதனை தொடங்கியது. ஒரு சாரார் சானடோரியத்தில். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. மறு சாரார் நெருக்கடியான வீடுகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. இதற்குப் பின் உலகெங்கும் வைத்தியர்கள் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணமாக்கத் துணிந்தார்கள்.

காற்றும் இடமும் இல்லாமல் சமாளிக்க முடிந்தது. கூரா இல்லாமல் முடியவில்லை. நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். என் எண்ணத்தில், அந்தப் பரிசோதனையின் பாதி வெற்றி அந்த நடையில்தான் இருக்கிறது.

இன்று காசநோய் மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் போதும். ஆனால் இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடுகிறது. மேல்மலைக் கிராமத்து உழைப்பாளி, "சுகமாயிட்டேனே ஐயா, இனி எதுக்கு?" என்பார். மலை இறங்கி வந்து மாத்திரை வாங்கிப் போனால் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அவர் வாசலுக்கு யாராவது ஏறிப் போகவேண்டும்.